பெட்டி யார் கையில்

மதியம் மூன்று மணி. ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குள் போகிற ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆள் இல்லை...

சிரிக்காதே நிகில். பேய்க் கதையை நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. போன வருடம், சங்கராந்தி அன்று. உங்களுக்கெல்லாம் சங்கராந்தி என்றால் லீவும் ஊருக்கு பஸ் டிக்கெட்டும்தான். ஒரு தடவை இங்கேயே இருந்து பாருங்கள். பாதி ஹைதராபாத் காலியாகிவிடும். ஜீடிமெட்லாவில் லாரி இல்லை, சங்கு இல்லை, டீக்கடை திறந்திருக்காது. ரோட்டின் இரண்டு பக்கமும் மருந்துக் கம்பெனிகளின் நீள மதில். காற்றில் அந்த வாடை மட்டும் நிற்கும்... அழுகின பழத்தில் நெயில் பாலிஷைக் கொட்டினது போல. மேலே கரண்ட் கம்பிகளில் அறுந்த பட்டங்கள். காற்றடித்தால் சரசரவென்று ஒரு சத்தம்.

அந்த ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் போனது. ஓட்டியவர் புருஷோத்தமன். பின்னால், மடியில் கருவிப் பையை வைத்துக்கொண்டு, அவர் மனைவி கிரிஜா. திரும்பி வரும்போது கிரிஜா மட்டும்தான் வந்தாள்.

வித்யா ஏன் இன்றைக்கு மொட்டை மாடிக்கு வரவில்லை என்று ஸ்ரீஜா கேட்டாள் அல்லவா? அதற்குப் பதில்தான் இது. கிரிஜா, நம் வித்யாலட்சுமியின் பெரியம்மா பெண். நேற்று வித்யா என் வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திவிட்டு, எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கரண்ட் இல்லை, மூன்று நாளாக நெட்டும் இல்லை, ஹம்சா அக்கா ஒரு பேய்க் கதை சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் பொழுது போக்கச் சொல்லவில்லை. முடித்ததும் உங்கள் எல்லாரிடமும் ஒரு உதவி கேட்கப் போகிறேன். அதுவரை அந்தப் போர்வையை நீ ஒருத்தியே இழுத்துக்கொள்ளாதே, நஸ்ரின்.

என்ன நிகில்? டக் டக் என்கிறதா? ஆமாம், கேட்கிறது... தண்ணீர்த் தொட்டிக் குழாயாக இருக்கும் என்றா சொல்கிறாய்? சரி. அப்படியே வைத்துக்கொள்.

கிரிஜாவும் புருஷோத்தமனும் மாரெட்பள்ளிக்காரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்தராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். கம்பெனிகளுக்கு நெட்வொர்க் கேபிள் போடுவது இரண்டு பேருக்கும் தொழில். வேறு ஆள் கிடையாது. அவர் கூரைக்குள்ளும் பள்ளத்திலும் நுழைவார், அவள் ராக் இருக்கிற அறையில் உட்காருவாள்; கேபிளெல்லாம் வந்து சேருகிற இரும்பு அலமாரிதான் ராக். ஆபீஸ் ஓடுகிற நாளில் இந்த வேலையைச் செய்ய விடமாட்டார்கள். அதனால் ஊருக்கெல்லாம் பண்டிகை என்றால் இவர்களுக்கு வேலை. கல்யாணமானதிலிருந்து ஒரு பொங்கலைக்கூட வீட்டில் வைத்ததில்லை என்று கிரிஜா பெருமையாகத்தான் சொல்லுவாளாம்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

ராக்கிலிருந்து நீல நீலமாகக் கேபிள் கட்டுக்கட்டாகக் கிளம்பிப் போகும். மறுமுனை எங்கேயோ ஒரு மூலையில் கொத்தாகத் தொங்கும். எது எதனுடைய முனை என்று பார்த்துத் தெரியாது. இரண்டு முனையிலும் மாட்டி எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்க்கிற டெஸ்டர் ஒன்று உண்டு. ஆனால் அதை மாட்டுவதற்கே முதலில் முனை எது என்று தெரிய வேண்டுமே? அதற்குத்தான் பெட்டியும் குச்சியும். கடையில் டோனர், ப்ரோப் என்பார்கள். இவர்கள் வீட்டில் பெட்டி, குச்சி. பெட்டி உள்ளங்கை அளவு. ஒரு பேட்டரி, இரண்டு கவ்வி. கேபிளின் ஒரு முனையில் கவ்விகளை மாட்டினால் அதற்குள் ஒரு ஓசையை அனுப்பும். நம் காதுக்குக் கேட்காது. குச்சியைக் கேபிளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் குச்சி பாடும். குய்ங்... குய்ங்... குய்ங்... கொத்தில் எந்தக் கேபிள் பக்கத்தில் உரக்கப் பாடுகிறதோ, அதுதான்.

கிரிஜாவிடம் பெட்டியும் ஒரு குச்சியும் இருக்கும். அவரிடம் இன்னொரு குச்சி. அவர் அந்தப் பக்கம் கேபிளின் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற ஒரு ஜோடிச் செம்புக் கம்பியை ஒன்றோடு ஒன்று தொட வைத்தால் ஓசை செத்துவிடும். இந்தப் பக்கமும் செத்துவிடும். விட்டால் மறுபடி பாடும். இதற்கு இவர்கள் வைத்த பேர் வெட்டு. அடித்தளத்தில் போன் எடுக்காது. மருந்துக் கம்பெனியிலோ தீப்பொறி பயத்தில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் இவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் வெட்டில்தான். ஒரு வெட்டு என்றால், கிடைத்துவிட்டது, அடுத்ததைப் போடு. இரண்டு என்றால், இரு, நகராதே. மூன்று என்றால், கிளம்பி வா.

மூன்று வெட்டினால் அவர் அந்த முனையில் நிற்கமாட்டார். முன்பின் தெரியாத கட்டிடத்தில், இருட்டில், அவள் வழி தடுமாறுவாளே என்று பாதி தூரம் திரும்பி வருவார். வந்து, கேபிள் போகிற இரும்புக் குழாயில் கேபிள் முனையை நெரிக்கிற கிரிம்பிங் கருவியின் பிடியால் தட்டிக்கொண்டே நிற்பார். டக் டக்... டக். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவள் போவாள். அவள் கை அவர் கைக்குக் கிடைக்கிற வரைக்கும் தட்டுவதை நிறுத்தமாட்டார்.

ஒரு தடவை வேடிக்கையாகிவிட்டது. எங்கேயோ ஒரு ஆபீஸில் கிரிஜா பெட்டியையும் குச்சியையும் அங்கே இருந்த மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, இதோ வருகிறேன் சார் என்று பாத்ரூம் போயிருக்கிறாள். மூன்று வெட்டு வந்துவிட்டது. மூன்று என்றால் கூப்பிடுகிறார் என்று அந்த மனிதருக்கும் சொல்லி வைத்திருந்தாள். அவரும் டை எல்லாம் கட்டிக்கொண்டு, சத்தத்தைத் தேடி இருட்டுக்குள் போயிருக்கிறார். புருஷோத்தமன் மேலே இருந்து கையை நீட்டி, பிடித்து ஒரே இழுப்பு. "வா கிரி கண்ணு!" மேனேஜர் அலறி, ஏணி சரிந்து, ஒரே ரகளை. மறுமுனையில் இருக்கிறவருக்கு இந்தப் பக்கம் யார் என்று எப்படித் தெரியும்? "பெட்டி யார் கையில இருக்கோ அவங்கதான் எனக்குக் கிரிஜா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். வித்யா வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை ஓடாத நாள் இல்லை.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? போதும்.

அன்றைக்கு ஜீடிமெட்லாவில்... ராக் முதல் மாடியில். கேபிள் எல்லாம் தரைக்கு அடியில் ஒரு நீளப் பள்ளத்தின் வழியாகப் பின்பக்கத்து ஸ்டோருக்குப் போகிறது. ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சுரங்கம். கேபிளோடு என்னென்னவோ பைப்புகளும் அதில் போகும். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவள் மேலே ராக்குக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் கேபிள். ஒரு வெட்டு. அடுத்தது. ஒரு வெட்டு. ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தின் வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் முடித்துவிட்டு அவர் உள்ளே நகர்ந்திருக்க வேண்டும். அடுத்த கேபிளில் பெட்டியை மாட்டினாள். குய்ங்... குய்ங்... குய்ங்... வெட்டு வரவில்லை.

காத்திருந்தாள். வரவில்லை. கொத்தில் தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் பட்டம் அறுபட்டுப் பையன்கள் கத்துகிறார்கள். உள்ளே குச்சி மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது. போய்ப் பார்ப்போம் என்று எழுந்து கதவில் கை வைத்தாள்.

ஓசை நின்றது... வந்தது. நின்றது... வந்தது.

இரண்டு. இரு, நகராதே.

அப்பாடா என்று உட்கார்ந்தாள். கோபமும் வந்தது. மறுபடி ஒன்றுமில்லை. குய்ங்... குய்ங்... மறுபடி எழுந்தாள். கதவைத் திறந்தாள். இரண்டு வெட்டு. "எதுக்குங்க? என்ன பண்றீங்க அங்க?" என்று குச்சியிடமே கேட்டிருக்கிறாள். இரண்டு வெட்டு. அவள் நகர்ந்தால் வருகிறது. உட்கார்ந்தால் இல்லை. அவர் எங்கேயோ பூமிக்கு அடியில் இருக்கிறார், நாம் எழுந்தது அவருக்கு எப்படித் தெரிகிறது என்று அப்போது தோன்றியதாம்... தோன்றியதும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, குச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு படியில் ஓடினாள்.

பள்ளத்தின் வாய். இரும்பு ஏணி. தலைக்கு மேல் கேபிள் கொத்து. குச்சியை அதன் பக்கத்தில் தூக்கினாள். பாடுகிறது. உள்ளே இருட்டு. டார்ச் வெளிச்சம் ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது, ஆடவில்லை. "ஏங்க!" என்று கத்தினாள். பதில் இல்லை. தட்டுகிற சத்தமும் இல்லை. ஏணியில் ஒரு காலை வைத்தாள்.

வெட்டு, வெட்டு. வெட்டு, வெட்டு. வெட்டு, வெட்டு... விடாமல். அவர் ஒருநாளும் அப்படி வெட்டினதில்லையாம். பூட்டின கதவை உள்ளேயிருந்து யாரோ இரண்டு கையாலும் அடிப்பது போல இருந்ததாம். அவளுக்குக் கால் கீழே இறங்கவில்லை. மேலேயும் வரவில்லை. அங்கேயே நின்று அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள்.

சத்தம் கேட்டு செக்யூரிட்டி ஓடிவந்தான். பள்ளத்துக்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக ஒரு சீறல். அதைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "நக்கோ அம்மா! அந்தர் நக்கோ ஜாவ்!" என்று அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். உள்ளே போகாதே என்று. நைட்ரஜன் பைப் ஒன்று கசிந்திருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் சாய்ந்துவிடுவான். தேடிப் போகிற ஆளும் அவன் மேலேயே விழுவான். முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கித்தான் அவரைத் தூக்கினார்கள். உள்பக்கம் நகர்ந்தவுடனேயே போய்விட்டார் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அந்த முதல் இரண்டு வெட்டு வருவதற்கு வெகு முன்னாலேயே.

தூக்கி வந்தவர்களில் ஒருவரை கிரிஜா பிடித்துக்கொண்டாள். கடைசியில் எந்தக் கேபிளைக் கையில் வைத்திருந்தார் என்று கேட்டாள். அந்த மனிதர் பாவம், திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எதையும் வைத்திருக்கவில்லை. உள்பக்கத்துக் கொத்தைப் பிரிக்கவே இல்லை. கட்டின டேப் கட்டினபடி இருக்கிறது. எந்தக் கேபிளுக்கும் தோல் சீவவில்லை. கட்டர் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

செம்பு வெளியே தெரியாமல் யாராலும் வெட்ட முடியாது. அது அவளை விட யாருக்குத் தெரியும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிரிஜா அந்தக் கம்பெனிக்குப் போனாள். அந்த ஒரு கேபிள் வேண்டும் என்றாள். கேட் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் போய் உட்கார்ந்தாள். கடைசியில் உருவிக் கொடுத்துவிட்டார்கள். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு முனையில் பெட்டி. சீவாத மறுமுனை அவர் போட்டோவுக்குக் கீழே, தரையில். பக்கத்தில் குச்சி.

சாயங்காலம் விளக்கேற்றியதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். முதலில் என்னென்னவோ கேட்டாளாம். வலித்ததா, பயந்தீர்களா, என்னை நினைத்தீர்களா... குச்சி பாடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்குள் இருந்தது மூன்றே பேச்சுதானே? அதனால் அந்த மூன்றில் ஒன்றால் பதில் சொல்லக்கூடியதை மட்டும் கேட்க ஆரம்பித்தாள்.

"வரட்டா?"

நின்றது... வந்தது. நின்றது... வந்தது. இரு.

அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுவாள். தினமும். ஒருநாள் பேட்டரி தீர்ந்துபோய், கடையெல்லாம் அடைத்திருந்ததால் அடுத்த நாள் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டில் எல்லாரும் டாக்டரிடம் கூப்பிட்டார்கள். "கைக்கு? எதுக்குங்கறேன்? நான் நல்லாத்தானே இருக்கேன். இருன்னு சொல்லியிருக்கார், இருக்கேன்" என்பாள். அவள் உயிரோடு இருந்ததே அந்த இரண்டு வெட்டால்தான் என்று வித்யா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அவளைப் பார்த்தவர்களுக்கு மனது தாங்காது. ஒரு வருடத்தில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது.

இந்த சங்கராந்திக்கு வித்யா பொங்கலை எடுத்துக்கொண்டு மாரெட்பள்ளிக்குப் போனாள். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போயிருக்கிறாள். நம் வித்யாவைத் தெரியுமே, எதையும் நிரூபித்துக் காட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பேட்டரி கவ்வி லூசாக இருக்கிறது, கை ஆடும்போது ஓசை விட்டு விட்டு வருகிறது, அவ்வளவுதான் என்பது அவள் கட்சி. கிரிஜா டீ போட உள்ளே போனாள். வித்யா விளக்கு முன்னால் உட்கார்ந்து பெட்டியை எடுத்து ஆன் செய்தாள். குய்ங்... குய்ங்... இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, அக்கா மாதிரியே குரலை இறக்கி...

"வரட்டா?"

வெட்டு. வெட்டு. கிரிஜா டம்ளரோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியாக்கா? உன் கையில இல்லாதப்பவும் வருது. இது பேட்டரிதான்" என்று வித்யா திரும்பினாள்.

வெட்டு.

வித்யாவின் விரல்கூட அசையவில்லை. அதை அவள் என்னிடம் நாலு தடவை சொன்னாள். அசையவே இல்லை ஹம்சா, அசையவே இல்லை.

டம்ளர் விழுந்தது. "மூணா? மூணு வந்துச்சா?" கிரிஜாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷமாம். கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை என்றாள் வித்யா. அப்புறம் கிரிஜாவின் கண் கீழே இறங்கியது. பெட்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தது.

"உன் கையில இருக்கு..."

பாய்ந்து பிடுங்கினாள். சீவாத அந்த முனையைத் தூக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்தினாள். "ஏங்க, நான் இங்க இருக்கேன்! அது வித்யாங்க! வித்யாங்க அது! நான்தான் கேட்டேன், இத்தனை நாளா நான்தானே கேட்டேன்... வரட்டா? வரட்டா?"

குய்ங்... குய்ங்... குய்ங்... ஒரு வெட்டும் இல்லை. அன்றைக்கு இல்லை, அடுத்த நாள் இல்லை. இரு என்பதுகூட இல்லை. மறுமுனையில் ஆளே இல்லாத மாதிரி பாடிக்கொண்டே இருக்கிறது.

மூன்று வெட்டின பிறகு அவர் அந்த முனையில் நிற்கமாட்டார் என்று சொன்னேனே...

பாதி வழி என்றால் எது என்றா கேட்கிறாய் நஸ்ரின்? அதைத்தான் கிரிஜாவும் தேடிக்கொண்டிருக்கிறாள். மாரெட்பள்ளியில் ஒரு லைட் கம்பம் பாக்கி இல்லை. ஸ்கூல் கேட், தண்ணீர்க் குழாய், எல்லா இரும்பிலும் காதை வைத்துப் பார்க்கிறாள். இருட்டினதும் வித்யாவுக்குப் போன் செய்கிறாள். நேற்று என் சமையலறையில் இருந்தபோதே வந்தது. வித்யா ஸ்பீக்கரில் போட்டாள். நானும் கேட்டேன்.

"வித்யா, உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா? எனக்குக் கேக்கல டி. எங்கயும் கேக்கல. அங்க கேட்டா உடனே சொல்லு, நான் ஆட்டோ பிடிச்சு வந்துடறேன். நீ நகராத. கதவைத் திறக்காத. கையை மட்டும் நீட்டிடாத. இருட்டுல அவருக்கு ஆள் தெரியாது... ஹவ், ஆமா, எனக்குத் தெரியும், அவர் வேணும்னு பண்ணமாட்டார். ஆனா நான்தான் போகணும். சொல்லுவ இல்ல?"

"ஒண்ணும் கேக்கலக்கா. நீ தூங்கு" என்றாள் வித்யா.

போனை வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். பொய் சொன்னேன் ஹம்சா என்றாள். நம் பில்டிங்கில் நெட் போனதே, அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவளுக்குக் கேட்கிறது. பாத்ரூம் பக்கத்தில் கேபிள் ஏறி வருகிற அந்த இரும்புக் குழாயில். முதல் நாள் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில் கேட்டது. அப்புறம் இரண்டாவது மாடி. நேற்று அவள் வீட்டுக்கு நேர் கீழே. நெட்காரப் பையன் வந்து டெஸ்டரை மாட்டிப் பார்த்தான். எட்டு விளக்கும் எரிந்தது. கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, மறுமுனையில் யாரோ தொட்டுத் தொட்டு விடுகிற மாதிரி இருக்கிறது என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். நீங்கள் எல்லாரும் அவனைத் திட்டினீர்கள்.

அக்காவிடம் சொன்னால் அக்கா வந்துவிடுவாள். வந்தால் அவரோடு போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால்... அவர் தட்டிக்கொண்டே இருப்பார், கை கிடைக்கிற வரைக்கும். வித்யா இதில் எதைச் செய்வாள்? அவள் புருஷன் ஜெயந்த்தோ வெளிநாட்டில். அவளைத் தனியாக விடக்கூடாது என்று சாயங்காலமே என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன், எங்கே போனாலும் குழாய் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே வந்தேன். விஷயம் தெரியாமல் உங்களை எப்படி அங்கே உட்கார வைப்பது? அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்கிற உதவி இவ்வளவுதான். எழுந்திருங்கள். எல்லாரும் கீழே போய் விடிகிற வரைக்கும் அவளைச் சுற்றி உட்காருவோம். அவள் இரண்டு கையையும் நாம் பிடித்துக்கொள்வோம்.

ஸ்ரீஜா, நீ ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறாய்? ஆட்டோவா? எப்போது வந்து நின்றது? நான் நைட்ரஜன் பற்றிச் சொல்லும்போதா... யார் இறங்கினது? பெண்ணா? ஒல்லியாக, முழங்கை வரைக்கும் வளையல் ஏறி...

வித்யா சொல்லியிருக்கமாட்டாள். சத்தியமாகச் சொல்லியிருக்கமாட்டாள். எனக்குத் தெரியும்.

நிகில், டார்ச்சைப் போடு. ரஞ்சன், படிக்கட்டுக் கதவைத் திற, சீக்கிரம். இருங்கள்... ஒரு நிமிடம் யாரும் பேசாதீர்கள். மூச்சுவிடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டிக் குழாய் என்று சொன்னாயே நிகில், நான் ஆரம்பித்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததே... டக் டக்... டக்...

நின்றுவிட்டது.